அப்ரகடப்ராவும் ஒரு எக்ஸ்ரே படமும்

போன மாதம் முழங்கால் வலிக்காகக் குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். படம் எடுத்த நித்யா ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்தவள். "பாருங்க ஸ்டெல்லா மேடம், இப்போ டார்க் ரூமும் இல்லே, படம் கழுவுற ஹைப்போ மருந்து நாத்தமும் இல்லே. பட்டனை அமுக்கினா ஸ்கிரீன்ல படம். அப்ரகடப்ரா!" என்றாள். கையோடு, டெக்னீஷியன்கள் சேர்ந்து கொண்டுவரும் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படியும் கேட்டாள். எழுதுவதாக எனக்கு எண்ணமே இல்லை. அந்த வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் முழங்காலுக்குத் தைலம் வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்திருப்பேன்.

முப்பத்தோரு வருடம் எக்ஸ்ரே எடுத்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் இரண்டு வருடம் இருட்டறையில் நின்றேன், விரல் நகமெல்லாம் பழுப்பானது, சான்றிதழ் கிடைத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்திய மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. மார்பு நோய்தான் எங்களுக்கு முக்கியம். காலையில் கதவைத் திறக்கும்போதே வரிசையில் இருமல் கேட்கும்.

என் மேலதிகாரி டாக்டர் கமாலுதீன். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் எல்லா டாக்டர்களும் நேராக நுரையீரலைப் பார்ப்பார்கள். இவர் முதலில் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு பெயர், எண், விலா எலும்பு, தோள்பட்டை என்று ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, நுரையீரலுக்குக் கடைசியில்தான் வருவார். "நோய் எங்கே இருக்குன்னு அப்புறம் தேடலாம் ஸ்டெல்லா. முதல்லே எந்த இடத்தைப் பார்க்க முடியலேன்னு பாருங்க. பார்க்க முடியாத இடத்துக்கு ரிப்போர்ட் கிடையாது" என்பார். நான் கழுத்தில் போட்டிருந்த ஜெபமாலையைப் பார்த்து, அது நெஞ்சை மறைத்தால் எனக்கும் அதே சட்டம்தான் என்று சொன்னவர்.

எங்கள் அறையில் அவர் கொண்டுவந்த ஒரு முறை இருந்தது. அதற்குக் காரணம் ஒரு கூத்து. அப்போதெல்லாம் வருகிறவர்கள் கழுத்தில் ஒன்றாவது தாயத்து இருக்கும். உலோகம் படத்தில் வெள்ளையாக விழும் என்பதால் கழற்றியே ஆக வேண்டும். எங்கள் வார்டு உதவியாளர் எல்லாருடையதையும் கழற்றி ஒரே தட்டில் போட்டுவிடுவார். ஒருநாள் இரண்டு பேருடையது மாறிப்போய்விட்டது. ஒரு வாரம் கழித்துப் பல்லாவரத்துக்காரர் ஒருவர் வந்து நின்றார். "இன்னா சார் இது பேஜாரு! இத்த கட்டிகினு போன நாள்லேர்ந்து எருமை கறக்க மாட்டேங்குது. என்னுத குடு!" அவருடையதைப் போட்டுக்கொண்டு போனவர் யார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? டாக்டர் அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பதிவேட்டைப் புரட்டி அந்த இன்னொருவரை அஸ்தினாபுரத்தில் கண்டுபிடித்து வரவழைத்தார். அவருக்கோ புதுத் தாயத்து கட்டிய பிறகு இருமல் குறைந்திருந்தது, திருப்பித் தர மறுத்துவிட்டார். அரை நாள் பஞ்சாயத்து.

அதன் பிறகு வந்த முறை இது. தாயத்தை நாங்கள் தொடக் கூடாது. நோயாளியே கழற்ற வேண்டும். வெள்ளைத் துணி விரித்த தட்டில் அவரே வைக்க வேண்டும். தட்டு அவர் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் இருக்க வேண்டும், செருப்பு விடும் பக்கம் போகவே கூடாது. படம் முடிந்ததும் அவரே எடுத்துக் கட்டிக்கொண்ட பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். கழற்றவே மாட்டேன் என்று நிற்பவர்களுக்கு வேறு வழி வைத்திருந்தோம். தாலியைப் பல்லில் கவ்விக்கொள்ளச் சொல்வோம். கயிற்றைத் தோள்மேல் ஏற்றிவிடச் சொல்வோம். அப்படியும் நுரையீரல்மேல் ஏதாவது விழுந்தால் சீட்டில் 'மறைப்பு உண்டு' என்று இடத்தோடு எழுதி, இன்னொரு படம் எடுக்க வேண்டும். இரண்டாம் முறை எடுக்க நேர்ந்தால், யார் எடுத்த படம் வீணானது என்று ஒரு பதிவேட்டில் குறிப்பார்கள். அதில் என் பெயர் ஏறியதே இல்லை. அதைப் பற்றி எனக்குத் தலைக்கனமும் இருந்தது.

டாக்டர் ஒரு தாயத்தையும் திறந்து பார்த்தது கிடையாது. ஆனால் கட்டும்போது என்ன சொல்லிக் கட்டினார்கள் என்று எல்லாரிடமும் கேட்பார். கேட்டதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். "இதுலே பாதி எந்த மொழியும் இல்லே ஸ்டெல்லா" என்று டீ குடிக்கும்போது சொல்வார். அவர்தான் முதன்முதலில் எனக்கு அப்ரகடப்ராவைப் பற்றிச் சொன்னது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வித்தை காட்டுகிறவர் சொல்லும் 'சூ மந்திரக்காளி' மாதிரி அதுவும் ஒரு விளையாட்டுச் சொல் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இல்லே. அது காய்ச்சல் மருந்து" என்றார். படம் வைக்கும் பழுப்பு உறையின் பின்பக்கத்தில் ஆங்கில எழுத்தில் அதை எழுதினார். பதினோரு எழுத்து. அடுத்த வரியில் கடைசி எழுத்தை விட்டுவிட்டு எழுதினார். அதற்கடுத்த வரியில் இன்னொன்று போயிற்று. இப்படியே குறைந்து குறைந்து கடைசி வரியில் ஒரே ஒரு எழுத்து நின்றது. ரோமானியர் காலத்தில் ஒரு வைத்தியர் இப்படி எழுதிக் கழுத்தில் கட்டச் சொன்னாராம். வார்த்தை தேய்கிற மாதிரி காய்ச்சலும் தேயும் என்பது கணக்கு. ஒன்பது நாள் கட்டிக்கொண்டு, பிறகு கிழக்கே ஓடும் ஆற்றில் திரும்பிப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும் என்று ஒரு வழக்கமும் இருந்ததாம்.

"அர்த்தம் என்ன சார்?"

"ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ஏசு பேசின அரமேயத்துலே 'நான் சொல்றபடியே உண்டாகும்'னு ஒரு கட்சி. எபிரேயத்துலேர்ந்து வந்ததுன்னு ஒரு கட்சி. சும்மா ஏ, பி, சி, டியைக் குழப்பிப் போட்டதுன்னும் சொல்றாங்க. யாருக்கும் நிச்சயமா தெரியாது. தெரியாததாலேதான் இத்தனை நாள் ஓடியிருக்கு. சரி, நீங்க ஜெபம் முடிஞ்சதும் 'ஆமென்' சொல்றீங்களே, அது எந்த மொழி?"

"தமிழ்தான் சார்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "எபிரேயம். நாங்க அதையே 'ஆமீன்'னு சொல்றோம். 'அப்படியே ஆகட்டும்'னு தமிழ்லே சொல்லி முடிச்சுப் பாருங்க, உங்களுக்கே ஜெபம் முடிஞ்ச மாதிரி இருக்காது." அன்று இரவு வீட்டில் சொல்லிப் பார்த்தேன். முடிந்த மாதிரி இல்லைதான். மனுஷன் நம் பிழைப்பைக் கெடுக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது.

இனி சரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாக்கத்துக்காரி. அப்போது அங்கே ஏரியும் வயலும்தான். இருபத்து மூன்று வயதிருக்கும். கணவன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகள் பிறந்த சில மாதங்களிலேயே போய்விட்டன. மூன்றாவது பெண், தேவி, அப்போது மூன்று வயது, இடுப்பிலேயே இருந்தாள். சரோஜாவின் கழுத்தில் ஒரே கயிற்றில் மூன்று தாயத்துகள் தொங்கின. ஒன்று மசூதி வாசலில் ஓதிக் கட்டியது, ஒன்று மாரியம்மன் கோவிலில், இன்னொன்று பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவப் பெண் எங்கோ மலையாளக் கரையிலிருந்து வாங்கி வந்தது. மூன்றையும் கட்டியது மாமியார். கட்டிய பிறகுதான் இந்தக் குழந்தை தங்கியது.

"கயட்ட மாட்டேன்க்கா. இத்த கயட்னா கொயந்தைக்கு ஆவாதுன்னு சொல்லிக்கீறாங்க. வேற இன்னா வோணா பண்ணு."

இரண்டு மாதமாக இருமல், மாலையில் காய்ச்சல். சளி கேட்டதற்கு எச்சிலைத் துப்பிக் கொடுத்திருந்தாள், அதில் ஒன்றும் தெரியவில்லை. படத்தைத்தான் நம்ப வேண்டும். டாக்டர் கமாலுதீன் ஊருக்குப் போயிருந்தார், அவருக்குப் பதில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். வெளியே இன்னும் இருபது பேர் வரிசையில். நான் வாதாடிப் பார்த்துவிட்டு, கயிற்றை இடது தோள்மேல் ஏற்றிவிடச் சொன்னேன். ஏற்றினாள். முகவாயைத் தூக்கி, கையை இடுப்பில் வைத்து, முழங்கையை முன்னால் தள்ளச் சொன்னேன். தள்ளும்போது கயிறு வழுக்கியிருக்கிறது.

இருட்டறையில் ஈரப் படத்தைச் சிவப்பு விளக்கில் தூக்கிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இடது காறை எலும்புக்குக் கீழே மூன்று வெள்ளைத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. காசநோய் முதலில் குடியேறும் இடமே அதுதான். அவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் மறுபடி சண்டை, பதிவேட்டில் என் பெயர். மற்ற இடமெல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'மறைப்பு உண்டு' என்று எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டேன். இளம் டாக்டர் தாயத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று எழுதி, இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார். அவர்மேல் பழியைப் போட நான் தயாராக இல்லை. காலியாக விட்டது என் கை.

மூன்று மாதம் கழித்துச் சரோஜா வந்தபோது புடவைத் தலைப்பில் ரத்தம் இருந்தது. டாக்டர் கமாலுதீன் பழைய படத்தை எடுத்து மாட்டினார். கண்ணாடியைத் துடைத்தார். ஓரத்திலிருந்து வந்து மூன்று வெள்ளைத் துண்டில் நின்றார். சீட்டை எடுத்துக் காலிக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன், என் சுபாவம் அப்படி.

சரோஜா அன்றைக்கும் கழற்ற மறுத்தாள். டாக்டர் அவள் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அப்ரகடப்ராவின் கதையை அவளுக்குச் சொன்னார். பழுப்பு உறையில் எழுத்துகள் தேய்வதை எழுதிக் காட்டினார். "கட்டினவங்களே கழட்ற நாளையும் சொல்லித்தாம்மா கட்டினாங்க. ஒன்பது நாள்தான். வேலை முடிஞ்சதும் கழட்டிடணும். எந்த ஊரு மந்திரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. உன்னுது வேலையை முடிச்சுடுச்சு, குழந்தைக்கு மூணு வயசு ஆயாச்சே." அவள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். பிறகு தானே முடிச்சை அவிழ்த்து வெள்ளைத் துணிமேல் வைத்தாள். இரண்டாவது படத்தில், மூன்று துண்டுகள் இருந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. அன்றே ஊசியும் மாத்திரையும் தொடங்கினோம். டாக்டரின் சாமர்த்தியத்தை எல்லாரும் மெச்சினார்கள், நானும்தான்.

ஆறு வாரம் ஒழுங்காக வந்தாள். பிறகு வரவில்லை. அந்தப் பக்கமிருந்து வந்த இன்னொரு நோயாளி சொன்னார்: குழந்தைக்கு விடாத காய்ச்சல், வாந்தி, பத்து நாளாகிறது, எப்போதும் தூக்கம். தாயத்தைக் கழற்றியதால்தான் என்று வீட்டில் ஒரே அழுகை. சரோஜா மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தாயத்தைக் கட்டிக்கொண்டாள், குழந்தைக்கும் ஒன்று கட்டியிருக்கிறார்கள்.

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "தாய்கிட்டேர்ந்து குழந்தைக்கு வந்திருக்கும். மூளைக்குப் போயிருக்கும்னு நினைக்கிறேன். இன்னிக்கே கொண்டுவரணும்."

"சார், அன்னிக்கே நான் ரெண்டாவது படம் எடுத்திருந்தா?"

"நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா மூணு மாசம் அந்தக் குழந்தைமேல இருமியிருக்க மாட்டா." அவர் எனக்காக அதை மாற்றிச் சொல்லவில்லை. பிறகு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: "என் தப்பும் இருக்கு. அவ மந்திரத்தை எடுக்க நான் இன்னொரு மந்திரத்தைச் சொன்னேன். அதனாலே இப்பவும் அவ அதுக்குள்ளேதான் இருக்கா. நான் போனா மறுபடியும் ஏதாவது கதைதான் சொல்லுவேன். நீங்க போங்க ஸ்டெல்லா. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க."

இரண்டு படங்களையும் உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மேடவாக்கம் வரை பஸ், அதற்குமேல் வெயிலில் நடை. வழியெல்லாம் பயம். அடிப்பார்களோ என்பதல்ல. சொன்ன பிறகு நான் யார் என்கிற பயம். சொல்லாமல் குழந்தையை மட்டும் அழைத்துவர ஏதாவது வழி இருக்கிறதா என்று கடைசிவரை யோசித்துக்கொண்டே போனேன், அதையும் மறைக்கப் போவதில்லை.

குழந்தை பாயில் கிடந்தது. கழுத்து விறைத்துப் பின்னால் வளைந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. சரோஜா என்னைப் பார்த்ததும் ஆத்திரப்படவில்லை. "நான் கயட்னதாலதானேக்கா? சொல்லுக்கா. அந்த டாக்டர் அய்யா சொன்னாருன்னு கயட்னேன். என் கொயந்தைய நானே இப்டி பண்ட்டேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

வாசலுக்குக் கூட்டிவந்து முதல் படத்தை வெயிலுக்கு நேரே பிடித்தேன். "இது உன் நெஞ்சு. இந்த வெள்ளை உன் தாயத்து." இரண்டாவதைப் பக்கத்தில் பிடித்தேன். "இந்தக் கறுப்பு ஓட்டைதான் நோய். அன்னிக்கே இது தாயத்துக்குப் பின்னாடி இருந்திருக்கும். மறைக்குதுன்னு எனக்குத் தெரியும் சரோஜா. இன்னொரு படம் எடுத்திருக்கணும், எடுக்கலே. டாக்டருக்கு எழுதியிருக்கணும், எழுதலே. சோம்பல், அப்புறம் என் பேரு கெட்டுடும்னு. அதுக்கப்புறம் மூணு மாசம் உன் இருமல் அவளுக்குப் போயிடுச்சு. நீ கழட்டினதாலே இல்லேம்மா. நான் அன்னிக்கு விட்டதாலே."

அவள் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அப்போ நான் ஒண்ணியும் பண்லியா?"

"நீ ஒண்ணும் பண்ணலே. நான்தான் பண்ணேன்."

மாமியார் அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, வெள்ளக்கோட்டு போட்டுகினு இந்த வேலையா பண்ணிக்கீற? நீ நல்லா இருப்பியா?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. சரோஜா உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "எந்த ஆஸ்பத்திரிக்கா?" என்றாள். மேடவாக்கம் வரை ஓட்டமும் நடையுமாகப் போனோம். மாமியார் குழந்தையின் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு வழிநெடுக என்னைத் திட்டியபடியே வந்தாள். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான்.

தேவி பிழைத்தாள். நான்கு மாதம் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இருந்தாள். ஆனால் காது போய்விட்டது. நோயாலா, ஊசியாலா என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. சரோஜா விட்ட இடத்திலிருந்து மாத்திரையைத் தொடங்கி ஒன்றரை வருடம் சாப்பிட்டுக் குணமானாள். நான் நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தேன், நிர்வாகம் மெமோ கொடுத்தது. பதிவேட்டில் என் பெயரை நானே எழுதினேன். டாக்டர் கமாலுதீன் ஓய்வு பெற்றுப் போகும்போது, மந்திரங்களை எழுதி வைத்திருந்த அந்த நோட்டை எங்கள் யாரிடமும் காட்டவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் சரோஜா தேவியை அழைத்துக்கொண்டு வந்தாள். காது கேளாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் சேர்க்க மார்புப் படம் கேட்டிருந்தார்களாம். இரட்டைப் பின்னல், அம்மாவின் தோள் உயரம். வேறு எங்கேயாவது எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். "இன்னாத்துக்கு? நீ எடுத்தா சரியா எடுப்பே" என்று சொல்லிவிட்டு சரோஜா வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

வழக்கமாக நெஞ்சைப் பிளேட்டில் ஒட்டி, முதுகை எங்கள் பக்கம் காட்டித்தான் நிற்கவைப்போம். மூச்சை இழு, பிடி என்று பின்னாலிருந்து குரல் கொடுப்போம். தெலுங்கு, இந்தி, மலையாளம் என்று வருகிறவர்கள் எல்லாருடைய மொழியிலும் அந்த இரண்டு சொல் எனக்குத் தெரியும். இவளுக்கு எந்த மொழியில் சொல்வது? திருப்பி நிறுத்தினேன், முதுகு பிளேட்டில், முகம் என் பக்கம். ஈயத் தடுப்பின் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று, என் நெஞ்சில் கையை வைத்து மூச்சை இழுத்துக் காட்டினேன். அவளும் இழுத்தாள். நான் பிடித்தேன். அவளும் பிடித்தாள். பட்டனை அழுத்தினேன், படம் விழுந்துவிட்டது. இனி விடலாம் என்று காட்ட நான் மூச்சை விட வேண்டும். என்னால் உடனே விட முடியவில்லை. கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு, நான் விடும்வரை அவளும் விடவில்லை.